மதிலோரச் செடிகளும் அப்பாவின் குளியலும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று எழுதித்தான் கைக்குப் பழக்கம். இந்த முறை அந்த முதல் சொல்லிலேயே பேனா தயங்கி நின்றதால் உன் நலத்தை முதலில் கேட்டுவிடுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, வெளியே போகும்போது காதை மூடிக்கொள்கிறாயா, அந்த வறட்டு இருமல் விட்டதா? நான் இருக்கிறேன். முழங்கால் மாடிப்படி ஏறும்போது ஒன்று சொல்கிறது, இறங்கும்போது வேறொன்று சொல்கிறது, இரண்டையும் காதில் வாங்காத மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், உன் சத்தம் கேட்டு நான் அழுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். தாளுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், முழுவதும் படித்து முடிக்கிற வரைக்கும் போனைத் தொடாதே.

அன்றைக்கு ஒரு ஞாயிறு போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டாயே, "அப்பாவுக்கு எம்மேல இன்னும் கோபம் போகலையாம்மா?" என்று, நான் குக்கர் கூப்பிடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் குக்கரே இல்லை. உனக்கு அப்படித் தோன்றியதில் தப்பே இல்லை. அவ்வளவு தூரத்தில் வேலை வேண்டாம் என்று அவர் முறைத்துக்கொண்டார், நீ கிளம்பிய அன்றைக்கு வழியனுப்ப வரவில்லை, அதற்கப்புறம் ஒரு தடவைகூடப் போனுக்கு வரவில்லை. யாராக இருந்தாலும் கோபம் என்றுதான் கணக்குப் போடுவார்கள். கிளம்பிய அன்றைக்கு இருந்தது கோபம்தான், இல்லை என்று சொல்லிப் பூசி மெழுக மாட்டேன். ஆனால் அது ஒரு வாரத்துக்குக்கூடத் தாங்கவில்லை, தானாகப் போனுக்கு வர வீம்புதான் விடவில்லை. உன் அறையில் விளக்கைப் போட்டுவிட்டு வெறும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், என்ன என்று கேட்டால் கொசு என்பார். அதற்கப்புறம் அவர் போனுக்கு வராததற்குக் காரணம் வேறு. பதறாமல் படி. அப்பா உயிரோடு இருக்கிறார், நடக்கிறார், என்னை முறைக்கிறார், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் தட்டைத் தள்ளுகிறார். பேச்சு மட்டும்தான் போயிருக்கிறது.

நீ போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். காலையில் பல் தேய்க்கப் போனவர் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று தெரியாத மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னங்க என்றேன். வாய் ஒரு பக்கம் இழுத்தது. எதிர்வீட்டுத் தையல்காரியும் மூன்றாம் மாடி சைக்கிள்கடைக்காரரும்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள், சீக்கிரம் கொண்டுவந்ததால் தப்பித்தார் என்றார்கள். காலில் இருந்த இழுப்பு இப்போது பெரும்பாலும் போய்விட்டது. வலது கைக்குச் சட்டைப் பொத்தான் மட்டும் பிடிபடவில்லை, அதை நான் போட்டுவிடுகிறேன். பேச்சுதான் திரும்பி வர மாட்டேன் என்கிறது. என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும், நாம் சொல்வதும் புரியும், சொல் மட்டும் வாய்க்கு வந்து சேராது. அதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா, வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் பஸ் நிலையத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து சொன்னாரே, அது மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் வருகிறது. ஆஸ்பத்திரியில் முதல் தடவை வாய் திறந்து தண்ணீர் கேட்க முயன்றவர், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்றார். அதே குரல், அதே கம்பீரம். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் நடைக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதேன். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள், மனசில் ஊறிப்போனது வேறொரு வழியாக வந்துவிடுமாம், புதிதாகச் சொல்ல நினைப்பதுதான் வழி தெரியாமல் நிற்குமாம். பழையபடி ஆகுமா என்று கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக வரும், பழைய குரல்தான் வேண்டும் என்று காத்துக்கொண்டு மட்டும் இருக்காதீர்கள் என்றாள்.

அவர் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த அன்றைக்கே உன் படத்தைக் காட்டி, உதட்டில் விரலை வைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் குரல் கொடுத்த மனிதர், மகளிடம் குளறுவதா என்று நினைத்திருப்பார். நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன். அன்றிலிருந்து நீ கூப்பிடும்போதெல்லாம் குளிக்கிறார், கடைகண்ணிக்குப் போயிருக்கிறார், இப்போதுதான் கண்ணயர்ந்தார் என்று சொல்லிவந்தேன். வீடியோவில் வருகிறேன் என்றாய், நெட் சரியில்லை என்றேன். இத்தனை பொய்யில் குளியல்தான் அதிகம். ஒரு மனிதர் நான் சொன்ன அளவுக்குக் குளித்திருந்தால் இந்நேரம் சோப்பு மாதிரி தேய்ந்து போயிருப்பார். இதையெல்லாம் சொல்லாமல் கட்டிக்காத்தவள் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அதற்கு இந்தக் குடியிருப்பின் மதிலோரத்தில் பிள்ளைகள் போட்ட பூச்செடிகள்தான் காரணம். அந்தக் கதையையும் கேள், கொஞ்சம் நீளம்தான்.

என்னைக் குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். கூட்டத்துக்கு நான் போகவில்லை, அப்பாவுக்கு மருந்து கொடுக்கிற நேரம் அது. வராதவர்கள் தலையில் கட்டுவது என்பது எல்லா ஊர்ச் சங்கத்துக்கும் உள்ள வழக்கம் போலிருக்கிறது. மோட்டார் ஓடவில்லையா, நான். மாடி வீட்டுத் துணியிலிருந்து கீழ்வீட்டுத் துணியில் சொட்டுகிறதா, நான். தலைக்கு மேல் வெள்ளம் போகிற வீட்டில் இது வேறு. அந்த நேரத்தில்தான் கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த டீச்சர் வந்து, மதிலுக்கும் சைக்கிள் நிறுத்தத்துக்கும் நடுவில் கட்டடக் குப்பை கொட்டிக் கிடக்கிற இடத்தைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தால் குடியிருப்புப் பிள்ளைகளை வைத்துப் பூச்செடி போடலாம் என்றாள். பிள்ளைகளுக்குச் செடி என்றால் புத்தகத்தில் வருகிற படம் என்று ஆகிவிட்டது, ஒன்றை முளைக்கவைத்துப் பார்க்கட்டும் என்றாள். சரி என்று சொன்னால் சீக்கிரம் போய்விடுவாள் என்று நினைத்துச் சரி என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதா என்ன.

ஆளாளுக்கு வந்து செங்கல் பொறுக்கினார்கள், சைக்கிள்கடைக்காரர் எங்கிருந்தோ வண்டியில் மண் கொண்டுவந்து கொட்டினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முழ இடம், ஒரு குச்சி, குச்சியில் அவரவர் பெயர். பாதிப் பேருக்குச் செண்டுப்பூ விதை, பாதிப் பேருக்குச் சூரியகாந்தி. விதை போட்ட மறுநாளே எல்லாரும் தோண்டிப் பார்த்துவிட்டார்கள், வந்துவிட்டதா என்று. டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஈரப் பஞ்சை அடைத்து, பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நான்கு விதையைச் செருகி, பார்க்க ஆசையாக இருந்தால் இதைப் பாருங்கள், மண்ணுக்குள் இருப்பதை நிம்மதியாக விடுங்கள் என்று மாடிப்படி ஜன்னலில் வைத்துவிட்டாள். வேர்தான் முதலில் வரும், கீழ்நோக்கித்தான் போகும், பாட்டிலைத் தலைகீழாகத் திருப்பி வைத்தாலும் வளைந்து மறுபடி கீழேதான் போகும் என்று காட்டினாள். முதலில் விரிகிற இரண்டு இலையும் இலையே இல்லையாம், விதையின் இரண்டு பாதியாம், வேர் சம்பாதிக்கிற வரைக்கும் செடிக்குக் கட்டுச்சோறாம். இந்த வயசில் எனக்கே அது தெரியாது. சனிக்கிழமை தோறும் ஒவ்வொரு பிள்ளையும் தன் செடியின் உயரத்துக்கு ஒரு நூலை அறுத்து, அதைக் குச்சியில் கட்ட வேண்டும். போன வார நூலும் இந்த வார நூலும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும், எவ்வளவு வளர்ந்தது என்று எழுதப் படிக்கத் தெரியாத குட்டிகூடச் சொல்லிவிடும்.

இதெல்லாம் நம் கூடத்து ஜன்னலுக்கு நேர் கீழே. அப்பா நாற்காலியை இழுத்து அங்கே போட்டுக்கொண்டார். வெளியே இறங்க மாட்டார், யாராவது நலம் விசாரித்து, பதிலுக்கு அவர் அறிவிப்புக் கொடுத்துவிட்டால் மானம் போய்விடும் என்று பயம். திரையைப் பாதி இழுத்துவிட்டுக்கொண்டு மேலேயிருந்து பார்ப்பதோடு சரி. அந்தப் பிள்ளைகளில் எதிர்வீட்டுத் தையல்காரியின் மகள் ஒருத்தி இருக்கிறாள், ஏழு வயசிருக்கும், எல்லாரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைச் செகரட்டரி பாட்டி என்பாள். அவளுடையது செண்டுப்பூ. அதோடு மணிக்கணக்கில் பேசுவாள், பள்ளிக்கூடத்தில் யார் யாரை அடித்தார்கள், அவள் அம்மா யாருக்கு ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள், எல்லாம் அந்தச் செடிக்குத் தெரியும்.

செடிகள் நன்றாகத்தான் வந்தன, பெரியவர்கள் நாங்கள் கை வைக்கிற வரைக்கும். பிள்ளைகள் காலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். அவர்கள் பள்ளிக்குப் போன பிறகு அம்மாக்கள் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றுவார்கள். காவல்காரர் தன் பங்குக்கு ஒரு வாளி. சைக்கிள்கடைக்காரர் கடைக்குப் போகும்போது ஒரு சொம்பு, வரும்போது ஒரு சொம்பு. நானும் பாத்திரம் கழுவின கையோடு ஜன்னலிலிருந்து எட்டி ஊற்றியிருக்கிறேன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஆளுக்கொரு தடவையாவது பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள்தான் எல்லாரும். அடியிலை மஞ்சளாகத் தொடங்கியதும் வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் கூடுதலாக ஊற்றினோம்.

ஒரு நாள் காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கீழே போனேன். வாயாடியின் செடி தண்டோடு மடங்கித் தரையில் கிடந்தது. தொட்டேன், கையோடு வந்துவிட்டது. அன்றைக்கு எனக்குக் காலையிலிருந்தே சரியில்லை. அப்பா என்னவோ கேட்க, நான் அதுவா இதுவா என்று சொல்லிச் சொல்லிப் பார்க்க, ஒன்றும் பொருந்தாமல் கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டிருந்தார். கடைசியில் அவர் கேட்டது கண்ணாடி. மூக்கில்தான் இருந்தது. தரையைத் துடைத்துவிட்டு வந்தவளுக்கு, சாயங்காலம் அந்தக் குழந்தை அழுவதையும் பார்க்கத் தெம்பில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவள் மனசு நோகக் கூடாது என்று செய்ததில்லை, என்னால் தாங்க முடியாது என்று செய்தது. தெருமுனை நாற்றுக்கடையில் மொட்டு விட்ட செண்டுப்பூச் செடி ஒன்றை வாங்கிவந்து அதே குழியில் நட்டு, மண்ணைத் தட்டி, செத்ததை மோட்டார் அறைக்குப் பின்னால் வீசிவிட்டு நிமிர்ந்தால், மேலே ஜன்னலில் அப்பா. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் யாரிடமும் சொல்ல முடியாது என்ற தைரியத்தில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் கூடியிருந்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தன் செடியின் கதையைச் சொல்ல வேண்டும், நூலைப் பிடித்துக் காட்ட வேண்டும் என்று டீச்சர் ஏற்பாடு செய்திருந்தாள். வாயாடி நூலைச் செடியின் பக்கத்தில் பிடித்தாள். போன வார நூல் அவள் முழங்கை வரைக்கும் வந்தது, செடி மணிக்கட்டோடு நின்றது. செடி குட்டையாகுமா டீச்சர் என்று கேட்டாள். நான் முந்திக்கொண்டு, வெயிலில் கொஞ்சம் சுருங்கியிருக்கும் என்றேன். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அதற்குள் அடுத்த குழியிலிருந்து ஒருவன், சூரியகாந்திக்கு முள் இருக்குமா என்று கேட்டான். அங்கே ரோஜா நின்றுகொண்டிருந்தது. சைக்கிள்கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அவருக்கு இலை பச்சையாக இருந்தால் எல்லாம் ஒன்றுதான். பிள்ளைகள் எல்லாரும் நூலைத் தூக்கிக்கொண்டு அளக்கத் தொடங்கிவிட்டார்கள், எங்கள் குட்டு ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. பாதிக்கு மேல் மாற்றி நட்ட செடிகள். நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன், அவரவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஒரு குடியிருப்பே சேர்ந்து மறைத்ததை அன்றுதான் பார்த்தேன். டீச்சர் எங்களை ஒரு பார்வை பார்த்தாள் பார், வகுப்பில் பெஞ்சு மேல் நிற்பது போல இருந்தது. யார் என் செடியை எடுத்தது என்று வாயாடி கேட்டாள். ஆளாளுக்குக் குனிந்து செங்கல்லைச் சரிசெய்தோம். அப்போதுதான் மேலேயிருந்து, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று கணீரென்று வந்தது. நிமிர்ந்து பார்த்தோம். திரையை முழுக்க விலக்கிக்கொண்டு அப்பா நின்றார், இடது கை விரல் நேராக என்னைக் காட்டியது.

எனக்கு வந்த கோபத்தில் என்ன செய்வது என்று தெரியவில்லை. பிள்ளைகள் மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கத்தினார்கள். அவர் சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன். அப்புறம்தான் இத்தனை பேர் கேட்டுவிட்டார்கள் என்பது உறைத்திருக்க வேண்டும், திரையை இழுத்து மூடிக்கொண்டார். வாயாடி என் முன்னால் வந்து நின்றாள். ஒன்றும் சத்தம் போடவில்லை. "செத்துப் போச்சுன்னா சொல்லிடுங்க பாட்டி. நான் அழுவேன், அவ்வளவுதான. சொல்லாம வேற ஒண்ண வெச்சீங்கன்னா, என் செடி எங்கிட்ட கோவிச்சுக்கிட்டு எங்கயோ போயிடுச்சுன்னு நெனப்பேன்ல" என்றாள். எனக்கு உடனே நீதான் ஞாபகம் வந்தாய். நீயும் இதைத்தானே நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய். அங்கேயே செங்கல் மேல் உட்கார்ந்துவிட்டேன், முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளித்தேன்.

டீச்சர் கெட்டிக்காரி. செத்ததையெல்லாம் எங்கே போட்டீர்கள் என்று கேட்டு, பிள்ளைகளை அழைத்துப்போய் மோட்டார் அறைக்குப் பின்னாலிருந்தும் குப்பைத்தொட்டியிலிருந்தும் எடுத்துவந்து வரிசையாகப் பரப்பினாள். வேரை முகர்ந்து பார்க்கச் சொன்னாள். கறுத்து, நசநசவென்று, சாக்கடை நாற்றம். வேருக்கும் மூச்சு உண்டு, மண்ணில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று காட்டினாள். வாயாடி அழுதாள், சொன்ன மாதிரியே. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு தன் செடியின் வேரையும் முகர்ந்து பார்த்தாள், அப்புறம் டீச்சரிடம் இன்னொரு விதை கேட்டாள். இப்போது சட்டம் என்னவென்றால் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லாவிட்டால்தான் தண்ணீர், அதுவும் பிள்ளைகள்தான் ஊற்ற வேண்டும், பெரியவர்கள் வாளியோடு அந்தப் பக்கம் வரக் கூடாது. நான் வாங்கிவைத்த செடியைப் பிடுங்கிப் போடலாமா என்று பேச்சு வந்தபோது, அது என்ன பாவம் செய்தது என்று சொல்லி, அதை ஓரமாக மாற்றி நட்டு, விருந்தாளி என்று ஒரு குச்சியில் எழுதிச் செருகிவிட்டாள் வாயாடி.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன், இனி என்னால் பொய் சொல்ல முடியாது, மகளுக்கு எழுதப் போகிறேன் என்று. மேசையை இடது கையால் ஓங்கி அடித்தார். நானும் அடித்தேன். மகள் பழைய குரலையா கேட்கிறாள், அப்பாவுக்குக் கோபமா என்றுதானே கேட்கிறாள், அதற்குப் பதில் சொல்ல எத்தனை சொல் வேண்டும் என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்துபோய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. இது புதிதில்லை, ஞாயிற்றுக்கிழமை உன் போன் மணி அடித்தாலே அவர் போய்ச் செய்கிற காரியம் இது. போனுக்குப் பயந்து ஓடி ஒளிகிறார், குளிக்கிறார் என்று நான் சொல்லும் பொய்க்குப் பொருத்தமாகக் குழாயைத் திறந்துவிடுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள் என்று வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிற செயலாளர் வீட்டிலேயே இப்படி ஓடலாமா என்று, கதவைத் தட்டத்தான் போனேன். உள்ளே பேச்சுக் குரல். கதவில் காதை வைத்தேன்.

நீ பிறந்தபோது சுண்டெலி மாதிரி இருக்கிறாள் என்று சொல்லி, அதைச் சுருக்கிச் சுண்டு என்று அவர் கூப்பிடத் தொடங்கினார் அல்லவா, உன்னை அப்படிக் கூப்பிடுவது இன்றைக்கும் அவர் ஒருவர்தான். அந்தப் பெயரைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சு என்று வரும், நிற்கும். சுண் என்று வரும். அதற்கு மேல் போனால் பயணிகளின் என்று வழுக்கிக்கொண்டு போய்விடும். சுவரை ஓர் அடி. மறுபடி சு. இத்தனை ஞாயிறும் உன் குரல் கூடத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறார், எனக்குக் கேட்கக் கூடாது என்று குழாயையும் திறந்துவைத்துக்கொண்டு. தட்டத் தூக்கிய கையை இறக்கிவிட்டேன். தொட்டித் தண்ணீர் போனால் போகட்டும் என்று அங்கேயே நின்றேன். ஒரே ஒரு தடவை முழுசாக வந்தது. ரொம்ப மெதுவாக, டு கொஞ்சம் அழுந்தி, ஆனால் முழுசாக.

வெளியே வந்தவரிடம் எல்லாம் கேட்டது என்றேன். கோபப்படுவார் என்று பார்த்தேன், துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் கழித்து எழுந்துபோய்ச் சுவரில் இருக்கிற காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையின் மேல் விரலை வைத்தார். அவ்வளவுதான் அவர் சொன்னது, எனக்கு அது போதும்.

அதனால் கேட்டுக்கொள், நீ கூப்பிடும்போது போனை அவர்தான் எடுப்பார். முதலில் அறிவிப்பு வந்தாலும் வரும். சிரிப்பு வந்தால் சிரி, அவருக்குப் பிடிக்கும், அடக்கிக்கொண்டு அழுதுவிடாதே. அவர் சொல் தேடும்போது நீயாக எடுத்துக் கொடுக்காதே, அந்தப் பயிற்சிப் பெண் அதைத்தான் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள், நான்தான் பொறுமை கெட்டுப் போய் எடுத்துக் கொடுத்து எடுத்துக் கொடுத்து அவரைக் கஞ்சிக் கிண்ணம் தட்டிவிட வைத்தேன். மறுமுனை சும்மா இருக்கிறதே என்று பயப்படாதே. விதை போட்ட மறுநாள் தோண்டின பிள்ளைகள் மாதிரி அவசரப்படாமல் இரு. உடனே வேலையை விட்டுவிட்டு விமானம் ஏற வேண்டாம், விடுமுறை கிடைக்கும்போது வா, அதற்குள் இன்னும் இரண்டு சொல் சேர்ந்திருக்கும். உன்னிடம் மறைத்ததற்கு என் மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், அதையும் சொல்லிவிடு. அப்புறம் ஒன்று, இதைச் சொல்லாமல் முடித்தால் இதுவும் மறைத்ததாகிவிடும். நான் ரொம்பக் களைத்துப் போயிருக்கிறேன், கண்ணு. இரவு படுத்தால் உடம்பு படுக்கிறது, காது படுப்பதில்லை, அவர் மூச்சையே கேட்டுக்கொண்டிருக்கிறது. உன்னால் இங்கே வந்து தாங்கிப் பிடிக்க முடியாது என்று தெரியும், பிடிக்க வேண்டாம். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று இனி நினைத்துக்கொள்ளாமல், அம்மா களைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கூப்பிடு, அது போதும்.

வாயாடியின் இரண்டாவது விதை முளைத்துவிட்டது, கட்டுச்சோற்று இலை இரண்டும் விரிந்து நிற்கின்றன. இன்னும் நூல் கட்டுகிற உயரம் வரவில்லை. நீ எந்தக் குறையும் இல்லாமல், நோய் நொடி அண்டாமல், போன இடத்தில் பெயர் சொல்ல நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிறு காலையில் வழக்கமான நேரத்துக்குக் கூப்பிடு. அப்பா குளித்து முடித்திருப்பார்.

இப்படிக்கு,
உன் அம்மா